நோய்ப்பதிவு யாருக்காக? – வைத்தியக் கணினி மென்பொருள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

எழுத்து எவ்வகைத்தாயினும் அதனை ஆராயப் புகுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினாக்களுள் ஒன்று, அது யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதாகும். கவிதைக்கும் புனைகதைக்கும் மாத்திரம் உரிய வினாவாக இதனைக் கருதுதல் பொருந்தாது. காணி உறுதிக்கு அதற்கெனப் படிப்போர் உளர். நீதிமன்றத் தீர்ப்புக்கும் உளர். வைத்தியசாலையில் நோயாளரின் கட்டிலருகே வைக்கப்படும் பதிவுக்கும் உளர். படிப்போர் மாறும்போது எழுத்தின் நீளமும் சொற்றெரிவும் அழுத்தமும் மாறுகின்றன. எழுதாது விடப்படுவனவும் மாறுகின்றன. இலக்கியத் திறனாய்விலே பலகாலும் பேசப்பட்ட இவ்வுண்மை நோய்ப்பதிவுக்கும் பொருந்துமாயின், அதன் விளைவு படிப்போரின் சுவையுணர்வோடு நின்றுவிடாது. அது நோயாளரின் உடலிற் சென்று முடியும்.

கடந்த அரைநூற்றாண்டுக் காலத்தில் நோய்ப்பதிவு கடதாசியிலிருந்து கணினித் திரைக்குப் பெயர்ந்து வந்துள்ளது. இம்மாற்றம் பற்றி இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. கணினி வந்தால் தவறு ஒழியும், தாமதம் ஒழியும், கோப்புத் தேடும் அவலம் ஒழியும் என்பர் ஒருசாரார். வைத்தியருக்கும் நோயாளருக்கும் இடையே யந்திரமொன்று வந்து புகுந்துவிட்டது என இரங்குவர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இருசாராரும் கணினியையே கருத்தாவாகக் கொள்கின்றனர். மென்பொருள் தானே தோன்றியதன்று. அதனை ஒருவர் விலைகொடுத்து வாங்குகின்றார். வாங்குபவரின் தேவைக்கேற்ப அது ஆக்கப்படுகின்றது. ஆதலின் மென்பொருளால் நோயாளர் பராமரிப்பு நன்மையடைந்ததா தீமையடைந்ததா எனக் கேட்பதற்கு முன்னர், அம்மென்பொருள் எழுதுவிக்கும் பதிவு யாருக்காக எழுதப்படுகின்றது எனக் கேட்டல் வேண்டும். இவ்வினாவை முன்வைத்து, இம்மாற்றம் பெருமளவில் நிகழ்ந்ததும் பெருமளவில் ஆராயப்பட்டதுமான ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை நோக்குதல் பயனுடைத்து.

மேலைத்தேய மருத்துவத்தில் நோய்ப்பதிவு மிகப் பழைமையானது. ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலே, கொள்ளைநோய்கள் பற்றிய முதலாம் மூன்றாம் நூல்களில் 42 நோயாளரின் வரலாறுகள் இடம்பெற்றுள்ளன. இன்ன இடத்திற் கிடந்த இன்னாருக்கு முதலாம் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் உறக்கமின்மை, இன்ன நாளில் மரணம் என அவை நாள்முறையாகச் செல்கின்றன. அந்நோயாளருட் பெரும்பாலார் இறந்தனர் என்பதும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. வைத்தியன் தன் தோல்வியை மறைக்காது எழுதியமைக்குக் காரணம் தேடித் திரிய வேண்டியதில்லை. அவ்வெழுத்தைப் படிக்கவிருந்தவன் இன்னொரு வைத்தியன். அவன் அடுத்த நோயாளரைப் பார்க்கவிருந்தவன். பதிவின் பயன் கற்றலும் கற்பித்தலுமே.

இப்பழைய நோக்கத்தைக் கணினிக் காலத்துக்கு ஏற்பப் புதுப்பிக்க முயன்றவர் லோறன்ஸ் வீட் என்னும் அமெரிக்க வைத்தியராவார். 1968ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, நோய்ப்பதிவு வைத்தியருக்கு வழிகாட்டவும் கற்பிக்கவும் வேண்டும் என வற்புறுத்தியது. நோயாளரின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் நோயாளர் கூறியது, வைத்தியர் கண்டது, அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு, மேற்கொள்ளவிருக்கும் சிகிச்சை ஆகியவற்றை ஒழுங்காக எழுதும் முறையை அவர் வகுத்தார். இன்றும் உலகின் பல பாகங்களில் மருத்துவ மாணவர் கற்பது இம்முறையையே. நோயாளரின் சொல் இம்முறையில் முதலிடம் பெறுகின்றமை மனங்கொள்ளத்தக்கது. கணினி இதற்குத் துணைசெய்யும் என வீட் நம்பினார்; வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் அதற்கான கணினி முறையொன்றை உருவாக்கவும் செய்தார். எனவே கணினிப் பதிவு தோற்றத்திலேயே நோயாளருக்குப் பகையாக அமைந்தது என்று கூறுதல் வரலாற்றுக்கு முரணாகும்.

அவ்வாறாயின் இடையில் நிகழ்ந்தது யாது? அமெரிக்காவில் வைத்தியருக்குப் பணங்கொடுப்போர் பெரும்பாலும் நோயாளர் அல்லர். காப்புறுதிக் கம்பனிகளும் அரசின் காப்புறுதித் திட்டங்களுமே. 1995ஆம், 1997ஆம் ஆண்டுகளில் அரசு வெளியிட்ட விதிமுறைகளின்படி, ஒரு வருகைக்கு எவ்வளவு பணம் என்பது, பதிவில் நோய் வரலாறு பற்றி எத்தனை அமிசங்கள் எழுதப்பட்டன, எத்தனை உறுப்புக்கள் பரிசோதிக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டன என்பவற்றையும் பொறுத்ததாயிற்று. எழுதப்படாதது செய்யப்படாதது என்ற கோட்பாடு நிலைபெற்றது. இந்நிலையிலேதான் 2009ஆம் ஆண்டின் பொருளாதார மீட்புச் சட்டம், கணினிப் பதிவை ஏற்கும் வைத்தியர்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் கோடிக்கணக்கான டொலர்களை ஊக்கப்பணமாக வழங்கியது. 2008ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வைத்தியசாலைகளுட் பத்திலொரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே அடிப்படையான கணினிப் பதிவுமுறை இருந்தது. 2015ஆம் ஆண்டளவில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவற்றில் அது இடம்பெற்றுவிட்டது. ஏழாண்டுகளில் ஒரு தொழிலின் எழுத்துமுறை முழுவதும் மாறிற்று. மாறிய வேளையில் அவ்வெழுத்தின் முதன்மையான வாசகர் பணங்கொடுப்பவராகவே இருந்தார்.

இதன் விளைவை எழுத்திலேயே காணலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் எழுதப்பட்ட இருபத்துமூவாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புக்களை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவற்றின் எழுத்துக்களுள் 18 சதவீதமே கையால் தட்டெழுதப்பட்டவை எனக் கண்டது. 46 சதவீதம் முந்திய குறிப்புக்களிலிருந்து பிரதிசெய்யப்பட்டவை. 36 சதவீதம் கணினி தானே கொணர்ந்து நிரப்பியவை. ஐந்திலொரு பங்குக்கும் குறைவாகவே எழுதியவரின் கை பட்ட ஓர் எழுத்தை நாம் வேறெத்துறையிலும் ஆக்கம் என ஏற்போமா என்பது சிந்திக்கத்தக்கது. நேற்றைய பரிசோதனை இன்றைய பரிசோதனையாக மீண்டும் தோன்றுகின்றது. மாறாத பந்திகளுக்கிடையே இன்று மாறிய ஒரு வரி புதைந்துவிடுகின்றது. இரவுக் கடமைக்கு வரும் வைத்தியர் தேடுவது அந்த ஒரு வரியையே.

இத்தீமைக்குக் கணினி எவ்வளவு காரணம், கணினியை ஏவும் பொருளாதார உறவு எவ்வளவு காரணம் என்பதை வேறுபடுத்திக் காட்டும் சான்றொன்று உண்டு. 2018ஆம் ஆண்டு உள்ளக மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த கட்டுரை, ஒரே கம்பனியின் மென்பொருளைப் பயன்படுத்தும் பல நாடுகளின் வைத்தியக் குறிப்புக்களை ஒப்பிட்டது. அமெரிக்கக் குறிப்புக்கள் பிறநாட்டுக் குறிப்புக்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ நான்கு மடங்கு நீளமானவையாகக் காணப்பட்டன. மென்பொருள் ஒன்றே, நோய்களும் பெரும்பாலும் ஒன்றே, வேறுபட்டது பதிவைப் படித்துப் பணங்கொடுப்பவரும் அவர் வகுத்த விதியுமே. எழுத்தின் வடிவத்தைச் சமூகச்சூழல் தீர்மானிக்கும் எனத் திறனாய்வாளர் கூறுவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

நீண்ட எழுத்துக்கு நீண்ட நேரம் வேண்டும். அந்நேரம் யாரிடமிருந்து எடுக்கப்படுகின்றது? அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 57 வைத்தியர்களைக் கூடவிருந்து அவதானித்து 2016ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வின்படி, அவர்கள் தமது வேலைநேரத்தில் 27 சதவீதத்தையே நோயாளரை நேரிற் பார்ப்பதிற் செலவிட்டனர். ஏறத்தாழ 49 சதவீதம் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் சென்றது. நோயாளர் அறையினுள் இருந்த நேரத்திலுங்கூட மூன்றிலொரு பங்குக்கு மேல் கணினிக்கே உரியதாயிற்று. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு சிறுமி வரைந்த வர்ணப்படம் வெளியிடப்பட்டது. ஏழு வயதான அச்சிறுமி தான் வைத்தியரிடம் சென்ற நிகழ்ச்சியை வரைந்திருந்தாள். அவள் பரிசோதனை மேசைமேல் அமர்ந்திருக்கின்றாள்; தாயும் உடன்பிறந்தாரும் அருகில் உளர்; வைத்தியரோ அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கணினியை நோக்கி அமர்ந்திருக்கின்றார். சதவீதங்கள் கூறியதையே பிள்ளையின் கை கூறிற்று. மருத்துவத்திலே பார்வை என்பது மரியாதை மாத்திரமன்று. அது நோயறியும் கருவியுமாகும். சொல்லத் தயங்கும் நோயாளரின் முகத்தில் தோன்றி மறையும் மாற்றத்தைக் காணாத வைத்தியர், கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாது விடுகின்றார்.

நேரத்தின் இழப்போடு தீங்கு நின்றுவிடுவதில்லை. 2013ஆம் ஆண்டில் மேற்கூறிய சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் 16 வயது இளைஞன் ஒருவனுக்கு ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. வைத்தியர் 160 மில்லிகிராம் எனக் கருதி 160 என்ற எண்ணைக் கணினியில் இட்டார். திரையிலே அலகு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் இத்தனை மில்லிகிராம் என்றிருந்தது. கணினி அவன் நிறையால் அதனைப் பெருக்கியது. ஒரு மாத்திரைக்குப் பதிலாக 38½ மாத்திரைகளுக்குக் கட்டளை பிறந்தது. கணினி எச்சரிக்கை காட்டியது. பயனற்ற எச்சரிக்கைகளை நாள்தோறும் கண்டு பழகிய கண் அதனையும் கடந்து சென்றது. மருந்தாளரும் அவ்வாறே கடந்தார். யந்திரம் மாத்திரைகளை எண்ணிப் பொதிசெய்தது. தாதி ஐயுற்றார், ஆயினும் பட்டைக்குறியை வாசித்த கருவி, கட்டளையும் மருந்தும் ஒத்துள்ளன என உறுதிசெய்தது. இளைஞன் அத்தனையையும் விழுங்கினான். கடும் வலிப்புக்கு ஆளாகிப் பின்னர் உயிர்தப்பினான். அதே மருத்துவமனையைச் சேர்ந்த றொபேட் வாச்சர் என்னும் வைத்தியர் இதனை மறைக்காது 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டிஜிற்றல் டொக்டர்’ என்னும் நூலில் விரிவாக எழுதியுள்ளார். இந்நிகழ்ச்சியில் எவரும் சோம்பியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் முன்னுள்ள எழுத்தை நம்பினர். கண்முன் குவிந்த மாத்திரைகளைக் கண்டு எழுந்த ஐயத்தை எழுத்து அடக்கிவிட்டது.

எனினும் ஒருபக்கச் சான்றுகளை மாத்திரம் அடுக்கிச் செல்வது திறனாய்வாகாது. பொஸ்ரன் நகரின் மருத்துவமனையொன்றில் மருந்துக் கட்டளைகளைக் கணினியில் எழுதத் தொடங்கியதும் பாரதூரமான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்தன என 1998ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. வாசிக்கவியலாத கையெழுத்தால் நேர்ந்த கேடுகளைக் கடதாசியின் புகழ்பாடுவோர் மறந்துவிடுகின்றனர். 2005ஆம் ஆண்டு கத்திரீனாச் சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது கடதாசிப் பதிவுகள் பெருமளவில் அழிந்தன. முன்னாட் படைவீரருக்கான அரச வைத்தியசாலையின் கணினிப் பதிவுகளோ எஞ்சின. சிதறிச் சென்ற நோயாளரைப் பிற நகரங்களில் வைத்தியர் தொடர்ந்து கவனிக்க அவை உதவின. இடப்பெயர்வு என்னும் சொல்லின் பொருளை அனுபவத்தால் அறிந்த நம்மவருக்கு, அழியாத பதிவின் பெறுமதியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நன்மையும் தீமையும் ஒரே கருவியால் விளையும் என்பதற்கு இரு சிறுவர் வைத்தியசாலைகளின் அனுபவம் சான்றாகும். பிற்ஸ்பேக் நகரின் வைத்தியசாலையொன்றில் கணினிக் கட்டளைமுறை புகுத்தப்பட்ட பின்னர், பிற இடங்களிலிருந்து மாற்றப்பட்டுவந்த பிள்ளைகளின் மரண வீதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதத்துக்கு உயர்ந்ததாக 2005ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. பிள்ளை வந்துசேர்ந்து பதிவுசெய்யப்படும்வரை கட்டளை எழுத இயலாமற் போனமை, மருந்துகள் கட்டிலருகிலிருந்து மத்திய மருந்தகத்துக்கு மாற்றப்பட்டமை, தாதியர் கணினியண்டை செல்லவேண்டியிருந்தமை ஆகியன காரணங்களாகச் சுட்டப்பட்டன. சியாற்றில் நகரின் சிறுவர் வைத்தியசாலையோ அதே மென்பொருளையே ஏற்றது. அங்கு மரண வீதம் உயரவில்லை என 2006ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. கட்டிலருகே நிற்பவரின் வேலைமுறையை முன்கூட்டியே அறிந்து அதற்கேற்பக் கருவியை அமைத்தலுக்கும், கருவிக்கேற்ப அவரை வளைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நகரங்களும் உணர்த்துகின்றன எனலாம்.

வாச்சரின் நூலும் பெரும்பாலும் இம்முடிவையே வலியுறுத்துகின்றது. யந்திரத்தை வாங்கினால் மாத்திரம் போதாது, வேலைமுறையும் மனப்பாங்கும் மாறினாலே பயன் விளையும் என்பது அவரது வாதம். தம் நிறுவனத்தின் தவறைப் பெயர்சொல்லி எழுதிய நேர்மை அந்நூலின் தனிச்சிறப்பு. ஆயினும் அவர் தரும் தீர்வுகள் பெரும்பாலும் வைத்தியரும் மென்பொருள் ஆக்குவோரும் ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொள்வதை வேண்டி நிற்கின்றன. பதிவின் வாசகர் யார் என்ற வினா அங்கு எழுப்பப்படினும் அதுவே மையமாக அமையவில்லை. புரிந்துணர்வு எவ்வளவு பெருகினும், பணங்கொடுப்பவருக்காக எழுதப்படும் பதிவு பணங்கொடுப்பவருக்காகவே எழுதப்படும். விதி மாறினாலன்றி எழுத்து மாறாது. அமெரிக்க அரசே இதனைக் காலந்தாழ்த்தி உணர்ந்தது போலும். 2021ஆம் ஆண்டிலிருந்து வெளிநோயாளர் வருகைகளுக்கான கட்டணம், எழுதப்பட்ட வரலாற்று அமிசங்களையும் பரிசோதனை அமிசங்களையும் எண்ணித் தீர்மானிக்கப்படுவதில்லை. வைத்தியரின் தீர்மானத்தின் சிக்கற்பாடு அல்லது செலவிட்ட நேரமே இப்பொழுது அளவுகோல்.

அதே 2021ஆம் ஆண்டில் இன்னொரு மாற்றமும் நடைமுறைக்கு வந்தது. நோயாளர் தம்மைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புக்களைத் தாமதமின்றிக் கணினிவழிப் படிக்கும் உரிமை விதியாக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் பொஸ்ரன், பென்சில்வேனியா, சியாற்றில் ஆகிய இடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட வைத்தியர்களோடு தொடங்கிய பரிசோதனை முயற்சி இதற்கு முன்னோடி. நோயாளர் அஞ்சுவர், குழம்புவர் என்று கூறப்பட்ட எதிர்வாதங்கள் பெரும்பாலும் பொய்த்தன. படித்த நோயாளருட் பலர் தம் நோயை நன்கு விளங்கிக்கொண்டதாகவும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டதாகவும் தெரிவித்தனர். நமது வினாவுக்கு இதுவே முக்கியமானது. அதுவரை எழுத்தின் பொருளாக மாத்திரம் இருந்தவர் அதன் வாசகரானார். நோயாளர் படிப்பார் என அறிந்து எழுதும் வைத்தியரின் சொற்கள் பண்படுகின்றன. தவறுகளைச் சுட்டிக்காட்ட, அந்த உடலோடு வாழும் ஒருவர் கிடைக்கின்றார். கடதாசிக் கோப்பினால் எளிதிற் செய்யவியலாத இதனைச் செய்தது கணினியே என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். இன்று வைத்தியரும் நோயாளரும் உரையாடுவதைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் பரவிவருகின்றன. அவை வைத்தியரின் முகத்தை நோயாளர் பக்கம் திருப்புமாயின் வரவேற்கத்தக்கனவே. ஆனால் எழுதும் கை மாறியதால் வாசகர் மாறிவிட்டார் எனக் கொள்ளலாகாது.

அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று வினவலாம். இலங்கையின் அரச வைத்தியசாலைகளிலும் கணினிப் பதிவுமுறைகள் படிப்படியாக வந்துகொண்டிருக்கின்றன. நம் அரச வைத்தியசேவை நோயாளரிடம் கட்டணம் அறவிடாதது. பணங்கொடுக்கும் கம்பனிக்காகப் பதிவெழுத வேண்டிய தேவை அங்கு இல்லை. இது சிறிய வாய்ப்பன்று. மேலும், நோயாளரே தம் பதிவைக் கையில் வைத்திருக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மாதந்தோறும் கிளினிக் செல்லும் முதியவர் தம் கொப்பியைப் பொலித்தீன் உறையிலிட்டுக் காத்துவருகின்றார். தாய்மார் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் காத்துவருகின்றனர். அதிலுள்ள நிறைக்கோடு மேலேறுகின்றதா சரிகின்றதா என்பதை எழுத்தறிவு குறைந்த தாயும் கண்டுகொள்கின்றாள். அமெரிக்கா 2021இல் விதியாக்கியதன் ஒரு சிறு வடிவம் நம் தாய்மாரின் அலுமாரிகளில் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. கணினி வந்ததும் கொப்பி வேண்டாம் எனப்படுமாயின், திரை வைத்தியர் பக்கம் மாத்திரம் திரும்பியிருக்குமாயின், நோயாளரிடம் இருந்த அந்தச் சிறு உடைமையும் பறிபோய்விடும்.

மொழியும் இதனோடு தொடர்புடையது. கிளினிக் கொப்பியை நோயாளர் வைத்திருந்தாலும் அதில் எழுதப்படுவது பெரும்பாலும் ஆங்கிலமே. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவ அறிவை மக்களின் மொழியில் வைக்கலாம் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இம்மண்ணிற் செயலிற் காட்டப்பட்ட உண்மை. கடதாசியில் ஒரே குறிப்பை இருமுறை, இரு மொழிகளில் எழுதுமாறு வைத்தியரைக் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ளும் வேளை, அடுத்து வரவேண்டிய நாள் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுப்பது கணினிக்குப் பெருஞ்செயலன்று. அது செய்யப்படுமா என்பது கணினியின் ஆற்றலைப் பொறுத்ததன்று. அதனை வாங்குவோர் யாரை வாசகராகக் கருதுகின்றனர் என்பதையே பொறுத்தது.

ஆகவே நம் வைத்தியசாலைகளுக்கு மென்பொருள் ஒன்று கொண்டுவரப்படும்போது, அதன் வேகத்தையும் விலையையும் பற்றி வினவுவதோடு நாம் அமையலாகாது. இரவில் வரும் வைத்தியர் அந்த ஒரு வரியைக் கண்டுகொள்வாரா? ஐயுற்ற தாதியின் குரலுக்கு அதில் இடமுண்டா? நோயாளர் கூறிய சொல் கூறியவாறே முதலில் நிற்குமா? அச்சிட்ட துண்டை வீட்டுக்குக் கொண்டுசென்று நோயாளர் தம் மொழியிற் படிக்க இயலுமா? இவற்றைக் கேட்பதற்கு மருத்துவமோ பொறியியலோ கற்றிருத்தல் வேண்டுமென்பதில்லை. எழுத்தைப் படிக்கக் கற்ற எவரும் கேட்கலாம். மென்பொருள் வாங்கப்படுமுன் கேட்டலே முறை. வாங்கி நிலைபெற்றபின் அதனை மாற்றுதல் எவ்வளவு அரிது என்பதை அமெரிக்க அனுபவம் நமக்குக் காட்டியுள்ளது.